உழவர் சந்தையா, மளிகைக் கடையா? தரமும் தேர்வும்: ஓர் ஒப்பீட்டுப் பாடம்



"சந்தையில் காய் பச்சைப் பசேல் என்று இருக்கிறது அண்ணாச்சி, உங்கள் கடையில் ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது?" காலாப்பட்டு வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மில் இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர் குறைவு. வெயிலைக் காரணம் காட்டி அந்த நேரத்துக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். கேட்டவர் வாதாடுவதில்லை. அடுத்த வாரத்திலிருந்து வராமல் நின்றுவிடுகிறார்.

காய்கறியில் நமக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம்தான், போனால் போகட்டும் என்று எண்ணுவோர் உண்டு. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். பருப்பும் எண்ணெயும் வாங்க ஒரு குடும்பம் மாதத்தில் இரண்டு மூன்று முறை கடைக்கு வரும். காய்கறிக்கோ நாள்தோறும் வரும். தக்காளி வாங்க வந்தவர்தான் கூடவே கடுகும், சீயக்காயும், தீப்பெட்டியும் வாங்கிப் போகிறார். ஆகவே காய்கறிக் கூடையை இழப்பவர் கல்லாப்பெட்டியின் பாதியை இழக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

எனவே உழவர் சந்தையையும் நமது மளிகைக் கடையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தரத்தில் யார் மேல், தேர்வில் யார் மேல் என்று ஓரம் சாயாமல் பார்ப்பது இப்பாடத்தின் நோக்கம். எதிராளியின் பலத்தைக் குறைத்து மதிப்பிடும் வியாபாரி தன் பலத்தையும் சரியாக அறியமாட்டான்.

சந்தை எப்படி வந்தது?

விளைவித்தவரே நேரடியாக விற்கும் சந்தை என்பது நமக்குப் புதிதல்ல. வாரச் சந்தைகள் பரம்பரையாக இருந்து வருபவை. ஆனால் அரசே இடம் கொடுத்து, இடைத்தரகர் இல்லாமல் நடத்தும் சந்தை என்ற முறை, 1987இல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' என்ற பெயரில் தொடங்கியது. அதன் வழியில் ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரயத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே நூறு சந்தைகள் வரை பெருகின. 2001இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2006க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்றதையும் நாம் அறிவோம். நம் புதுச்சேரி மக்களுக்கு லாஸ்பேட்டை உழவர் சந்தை பழக்கமான பெயர்.

இதன் நடைமுறையை ஒவ்வொரு வணிகரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விவசாயிக்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை தரப்படுகிறது. கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையிலேயே கிடைக்கும். விலையை அன்றாடம் காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். அந்த விலை மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் இருக்கும்படி வைப்பது வழக்கம். விவசாயிக்கு மண்டியில் கிடைப்பதைவிடக் கூடுதல், வாங்குபவருக்குக் கடையில் கொடுப்பதைவிடக் குறைவு. வாடகையும், மண்டி கமிஷனும், இருப்பு வைக்கும் செலவும் இல்லாததால்தான் இது இயலுகிறது. இந்தச் செலவுகள் எல்லாம் நம் தலையில் இருக்கின்றன. ஆகவே விலையில் மட்டும் மோதி வெல்லலாம் என்று இறங்குவது வீண் முயற்சி.

தரம்: சந்தை எங்கே வெல்கிறது?

காய் என்பது பறித்த பிறகும் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது; தன்னிடமுள்ள நீரையும் சர்க்கரையையும் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு இரண்டு மூன்று மடங்கு வேகமாகிறது. பறித்த கீரையை வெயிலில் வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் தலை சாய்ந்துவிடுவது இதனால்தான். நீர் போனால் எடையும் போகிறது. எடை போனால் நம் முதலும் போகிறது.

சந்தைக்கு வரும் கீரையும் வெண்டையும் முந்தின நாள் மாலையிலோ விடியற்காலையிலோ பறித்தவை. நம் கடைக்கு வரும் காயின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். தோட்டத்திலிருந்து உள்ளூர் ஏலத்துக்கு, அங்கிருந்து லாரியில் மண்டிக்கு, மண்டியிலிருந்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 10 கிலோமீட்டர் கடந்து காலாப்பட்டுக்கு. ஒவ்வோர் இடத்திலும் இறக்கி ஏற்றுகிறார்கள். ஒவ்வோர் இறக்கத்திலும் காய் அடிபடுகிறது. அடிபட்ட இடம்தான் முதலில் அழுகும்.

இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கீரை வகைகள், வெண்டைக்காய், கத்தரிக்காய், புடலை, பீர்க்கு, அவரை, கொத்தவரை, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை ஆகிய உள்ளூர்ப் பொருள்களில் காலை நேரத்தில் சந்தை நம்மைவிட மேல். அது விவசாயியின் சாமர்த்தியமோ நம் அலட்சியமோ அன்று. பறித்த நேரத்துக்கும் விற்ற நேரத்துக்கும் உள்ள தூரம் அவருக்குக் குறைவு. அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பெரிய காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி கடற்கரையில் மீன் வாங்கும் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கண் தெளிவாக இருக்கிறதா, சதை அழுத்தினால் திரும்புகிறதா என்று சோதிக்கிறார்கள். அதே கண்ணோடுதான் நம் கடைக்கும் வந்து வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். கரையில் புது மீனைப் பார்த்துப் பழகிய கண்ணை வாடிய காயைக் கொண்டு ஏமாற்ற முடியாது.

தரம்: கடை எங்கே வெல்கிறது?

தரம் என்றாலே புதுமை என்று எண்ணிவிடக் கூடாது. புதிதாக இருப்பது தரத்தின் ஒரு பகுதியே.

உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, சேனை, கருணை, பரங்கி, சாம்பல் பூசணி ஆகியவை நேற்றுப் பறித்தவையா என்பது முக்கியமல்ல. நன்றாக உலர்ந்ததா, ஒழுங்காக வைக்கப்பட்டதா என்பதே கேள்வி. சரியாக உலராத புது வெங்காயம் சமையலறையில் ஒரு வாரத்தில் அழுகிவிடும். உலர்ந்த பழைய வெங்காயம் மாதக் கணக்கில் நிற்கும். இவற்றைப் பார்த்து வாங்கி, தரம் பிரித்து, சொத்தையைத் தள்ளி விற்பது நம் தொழில். தன் வயலில் விளைந்ததை மட்டும் கொண்டு வரும் விவசாயிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பலசரக்கில் சொல்லவே வேண்டாம். துவரம்பருப்பில் நயம் எது, இரண்டாம் தரம் எது, வண்டு ஏறிய சரக்கு எது, நிறம் ஏற்றியது எது என்று கையில் அள்ளிய மாத்திரத்தில் சொல்லும் கண் நம்மிடம் இருக்கிறது. பாகூரிலோ வானூரிலோ விளைவிக்கும் எந்த விவசாயியும் தன் துவரையை மில்லில் உடைத்துத் தோல் நீக்கிச் சந்தையில் விற்பதில்லை.

மூன்றாவது, பொறுப்பு. வாங்கிய பொருளில் குறை என்றால் மாலையிலேயே கொண்டு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்பது கடைக்கு மட்டும் உள்ள சிறப்பு. சந்தையில் இன்று விற்றவர் நாளை அதே இடத்தில் உட்காருவார் என்பதற்கு உறுதியில்லை. கடையோ அதே தெருவில், அதே படியில், அதே முகத்தோடு இருக்கிறது. சட்டமும் இதையே சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயியையும் மீனவரையும் அவர்தம் விளைபொருளைப் பொறுத்து விலக்கி வைத்திருக்கிறது. நம்மை விலக்கவில்லை. இதைப் பாரமாகக் கருதுவோர் பலர். 'இந்தக் கடைக்காரர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்' என்று வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் உத்தரவாதமாகவும் இதைக் காணலாம்.

மேலும், சந்தையில் விற்பவர் எல்லோரும் விளைவித்தவர் அல்லர். அட்டை வாங்கிக்கொண்டு மண்டிச் சரக்கை விற்போர் புகுந்துவிட்டார்கள் என்ற குறை தமிழகச் சந்தைகளில் தொடக்கம் முதலே எழுந்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1976இல் தொடங்கிய விவசாயிகள் சந்தையில், விளைவித்தவர் மட்டுமே விற்கலாம் என்று விதி வைத்து, தோட்டங்களுக்கே ஆளனுப்பிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. சந்தை என்ற பெயர்ப்பலகை மட்டும் காயைப் புதிதாக்கிவிடாது.

தேர்வு: ஒரு சாம்பாரின் கணக்கு

தேர்வு என்றால் எத்தனை வகை கிடைக்கிறது என்பது. இதை ஏட்டுக் கணக்காகப் பார்க்காமல் ஒரு சட்டி சாம்பாரை வைத்துப் பார்ப்போம்.

கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நம் சுற்றுப்புறத்திலேயே விளைந்தவையாக இருக்கலாம். சின்ன வெங்காயம் பெரம்பலூர்ப் பக்கம். தக்காளி பல மாதங்களில் கிருஷ்ணகிரி, கோலார்ப் பக்கம். துவரம்பருப்பு மராட்டியம் அல்லது கர்நாடகத்துக் கலபுரகி; வரத்துக் குறைந்த ஆண்டில் மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிறது. மிளகாய் குண்டூர். தனியாவும் கடுகும் ராஜஸ்தான். மஞ்சள் ஈரோடு. புளி தருமபுரி. பெருங்காயத்தின் பால் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருவது. உப்பு வேண்டுமானால் நம் வடக்கே மரக்காணத்திலிருந்து வரலாம்.

ஒரு சட்டி சாம்பாருக்குப் பத்துப் பன்னிரண்டு பொருள் என்றால், அவற்றில் மூன்றோ நான்கோதான் அக்கம்பக்கத்து விவசாயி தரக் கூடியவை. மீதியெல்லாம் வணிகர் கை மாறி மாறி வந்தவை. இத்தனை ஊர்ச் சரக்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, 50 கிராம் கடுகைக்கூடப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் இடத்துக்குப் பெயர்தான் மளிகைக் கடை. எனவே தேர்வைப் பொறுத்தவரை சந்தை நமக்குப் போட்டியே அல்ல.

ஆனால் அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சந்தையில் வகை குறைவு என்றாலும், ஒரே காயில் தேர்வு அதிகம். கத்தரியில் பச்சை, ஊதா, வரி, முள்ளுக் கத்தரி. கீரையில் அரை, சிறு, முளை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. நாம் ஒரு கத்தரி, ஒரு கீரையோடு நின்றுவிடுகிறோம். பொறுக்கி எடுக்கவும் சிலர் விடுவதில்லை. கையால் தொட்டுப் பொறுக்க விடாத கடையில் பத்து வகை இருந்தாலும் வாங்குபவருக்குத் தேர்வு இல்லை என்றே பொருள்.

காலாப்பட்டின் நேரம்

எந்த ஊர்க் கடைக்கும் அந்த ஊரின் நேரம்தான் கடிகாரம். நம் ஊர் எப்படிப்பட்டது? ஒரு பக்கம் மீனவர் குடியிருப்புகள். மறுபக்கம் 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம், 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பொறியியல் கல்லூரி, கணபதிசெட்டிகுளத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மத்தியச் சிறை. சுற்றிலும் தமிழக எல்லைக்குள் அடங்கிய கிராமங்கள். தெற்கே சிறிது தொலைவில் ஆரோவில்.

உழவர் சந்தை விடியற்காலையில் கூடி உச்சிப் பொழுதுக்குள் கலைவது. அலுவலகம் விட்டு 6 மணிக்கு வரும் ஊழியர், இரவுப் பணிக்குப் போகும் செவிலியர், அறை எடுத்துச் சமைக்கும் ஆராய்ச்சி மாணவர், பகல் முழுவதும் மீன் விற்றுவிட்டு அந்தியில் வீடு திரும்பும் பெண்: இவர்களில் எவருக்கும் சந்தை பயன்படாது. இவர்களுக்குக் கடைதான் கதி. ஆனால் மாலை 6 மணிக்கு நம் கூடையில் இருப்பது காலையில் மற்றவர் பொறுக்கிவிட்டுப் போன மிச்சம். நமக்கே உரிய வாடிக்கையாளருக்கு நாம் கொடுப்பது நம்மிடம் உள்ளதிலேயே மட்டமான சரக்கு. சந்தையிடம் நாம் தோற்பது காலையில் அல்ல. போட்டியே இல்லாத மாலையில் நாமே தோற்றுக்கொள்கிறோம்.

இந்தப் பாடத்தின் சாரமே இதுதான். சந்தையின் பலம் பறித்ததிலிருந்து விற்பது வரை உள்ள நேரம் குறைவு என்பது. கடையின் பலம் திறந்திருக்கும் நேரம் அதிகம் என்பது. முதலாவதை நாமும் ஓரளவு கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதைச் சந்தை ஒருநாளும் கற்க இயலாது.

கழிவின் கணக்கு

மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்பது பருப்புக்குப் பொருந்தும், காய்க்குப் பொருந்துவதில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

நகரத்திலிருந்து 25 கிலோ கத்தரிக்காய், கிலோ 20 ரூபாய் வீதம் 500 ரூபாய். வண்டிக் கூலி 50. அடக்கம் 550. கிலோ 26 என்று விற்கிறோம். முழுவதும் விற்றால் 650, லாபம் 100. ஆனால் இரண்டாம் நாள் முடிவில் 3 கிலோ குப்பைக்குப் போனால், விற்றது 22 கிலோ, வரவு 572, லாபம் 22 மட்டுமே. அந்த 22இலும் 2 கிலோவைப் பாதி விலைக்குத் தள்ளினால் வரவு 546. அதாவது 4 ரூபாய் நட்டம்.

இப்போது அருகிலுள்ள விவசாயி ஒருவரிடம் அன்றாடம் 12 கிலோ, கிலோ 22 என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 264 ரூபாய், கூலி 12, அடக்கம் 276. அரைக் கிலோ கழிந்தாலும் விற்றது 11½ கிலோ, வரவு 299, லாபம் 23. இரண்டு நாளுக்கு 46. கிலோவுக்கு 2 ரூபாய் அதிகம் கொடுத்தும் லாபம் இரட்டிப்பு. முடங்கிய முதலும் பாதி. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர் கண்ணில் படுவது இன்றைய காய்.

உழவர் சந்தையின் விலைத் தத்துவமே இதுதான்: மண்டி விலைக்குச் சற்று மேல் விவசாயிக்கு. அதைச் சந்தை மட்டும்தான் செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. சரக்கை இரண்டாகப் பிரியுங்கள். கீரை, வெண்டை, கத்தரி, கொடிக்காய்கள் அருகிலுள்ள தோட்டத்திலிருந்து. கிழங்கு, வெங்காயம், கேரட், முட்டைக்கோஸ், தக்காளி மார்க்கெட்டிலிருந்து. இரண்டுக்கும் ஒரே நாள், ஒரே வண்டி என்ற பழக்கத்தை விடுங்கள்.

2. மாலைக்கென்று தனிக் கூடை வையுங்கள். காலையில் வந்த நல்ல சரக்கில் மூன்றில் ஒரு பங்கை நிழலில் எடுத்து வைத்து, மாலை 5 மணிக்குப் பரப்புங்கள். காலை மிச்சத்தைத் தனியாக, குறைந்த விலை எழுதி வையுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் நல்லதும் மட்டமாகத் தெரியும்.

3. குளிர்ப்பெட்டி இல்லாமலே குளிர்ச்சி உண்டு. டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான, மின்சாரம் வேண்டாத குளிர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவில் 7½ சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்று மணல். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். மேலே நனைத்த சாக்கு மூடி, அதற்குமேல் நிழல் கூரை. உள்நாட்டு வறண்ட ஊர்களில் இதன் குளிர்ச்சி அதிகம். நம் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் அவ்வளவு குளிராது. இருந்தாலும் உள்ளே ஈரப்பதம் நிற்பதால் கீரையும் காயும் வாடுவது குறையும். இதற்கும் இடமில்லாதவர்கள் சுத்தமான நீரில் நனைத்த சாக்கையாவது போர்த்துங்கள்.

4. சேர்க்கக் கூடாததைச் சேர்க்காதீர்கள். பழுத்த வாழையும் மாம்பழமும் தக்காளியும் விடும் வாயு, பக்கத்திலுள்ள பாகலையும் வெள்ளரியையும் கீரையையும் மஞ்சளாக்கும். உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் வைத்தால் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த கிழங்கு உடலுக்கு ஆகாது. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே மூட்டையருகில் அடுக்காதீர்கள். முள்ளங்கி, பீட்ரூட் தழைகளைக் கிள்ளிவிடுங்கள். தழை கிழங்கின் நீரை உறிஞ்சும். பச்சை வாழையையும் தக்காளியையும் குளிர்பெட்டியில் அடைக்காதீர்கள். குளிர் அவற்றைக் கறுக்கச் செய்யும், சுவையைக் கெடுக்கும்.

5. எங்கிருந்து, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். சிலேட்டுப் பலகையில் 'இன்று காலை வந்தது' என்றும், 'நேற்றைய சரக்கு, விலை குறைவு' என்றும் எழுதுங்கள். நேற்றையதை நேற்றையது என்று சொன்ன கடைக்காரர், இன்றையதை இன்றையது என்று சொல்லும்போது நம்பப்படுவார்.

6. எடையில் ஐயம் வேண்டாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை கட்டாயம். முத்திரைச் சான்றிதழைச் சுவரில் மாட்டுங்கள். தராசின் எண் வாங்குபவர் பக்கமும் தெரிய வேண்டும். சந்தை மீது மக்களுக்குள்ள நம்பிக்கையில் பெரும்பங்கு விலைப்பலகைக்கும் தராசுக்கும் உரியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு.

7. பழத்தில் கார்பைட் கல் கூடவே கூடாது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்துள்ளன. வாங்கும் இடத்திலேயே கேளுங்கள், ஐயமானால் விட்டுவிடுங்கள். அதுபோல் 'இயற்கை விளைபொருள்' என்று பலகை வைக்குமுன் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்பதற்குச் சலுகை உண்டு. வாங்கி விற்கும் நமக்குச் சான்று வேண்டும். ஆரோவில் பக்கத்து வாடிக்கையாளர் இதைக் கேட்டே வாங்குவார்.

8. கடலின் நாட்காட்டியைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்துக் குறையும் அந்த 61 நாளில் காயும் பருப்பும் முட்டையும் கூடுதலாகத் தேவைப்படும். அதே நாள்களில் மீனவர் வீட்டில் கைப்பணம் குறையும். ஆகவே சிறு பொட்டலம், அளவான கடன் ஆகிய இரண்டையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். கடன் நோட்டு என்பது எந்தச் சந்தையிடமும் இல்லாத உறவு. அதை வரம்போடு பேணினால் வாடிக்கையாளர் தலைமுறைக்கும் நம்மவர்.

விவசாயியோடு உறவு

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படை, நமக்கும் விவசாயிக்கும் இடையே நேர்மையான உறவு. உழவர் சந்தை ஏன் வந்தது என்று யோசித்தால், மண்டியில் அடிமாட்டு விலையும், எடையில் கழிவும், கைக்குப் பணம் வரத் தாமதமும் விவசாயியை வாட்டியதே காரணம் என்பது விளங்கும். அந்தக் குறைகளை நாம் செய்யாமல் இருந்தால் அவர் ஏன் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து தலைச்சுமையோடு பேருந்துக்கு நிற்கப் போகிறார்? சந்தையில் அரை நாள் உட்காரும் நேரத்தை அவர் வயலில் செலவிட விரும்புவார்.

மூன்று உறுதிகள் போதும். வாங்கிய அன்றே ரொக்கம். அவர் கண்ணெதிரில் எடை. விலை சரிந்த நாளிலும் பேசிய அளவை எடுத்துக்கொள்வது. தெருவுக்கு ஒரு கடை என்று நாலைந்து வணிகர் சேர்ந்து, இரண்டு மூன்று விவசாயிகளிடம் கீரை, கத்தரி, வெண்டை என்று பேசி வைத்துக்கொண்டால், ஒரே சிறு வண்டியில் 6 மணிக்குள் எல்லாக் கடைக்கும் சரக்கு இறங்கிவிடும். வண்டிக் கூலியும் பங்காகப் பிரியும். இவ்வாறு செய்தால் சந்தையின் காலை நம் கடை வாசலுக்கே வந்துவிடும். நமக்கே உரிய மாலை நம்மிடமே இருக்கும்.

ஒரு வாரப் பயிற்சி

படித்ததோடு நிறுத்திவிடாமல் ஒரு சிறு பயிற்சி. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஏழு நாள்கள் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு காய்க்கும் நான்கு கட்டம்: வாங்கிய எடை, விற்ற எடை, பாதி விலைக்குத் தள்ளிய எடை, கொட்டிய எடை. கூடவே ஐந்தாவதாக ஒன்று: கேட்டு இல்லை என்று திருப்பி அனுப்பிய பொருள்.

ஏழாம் நாள் கூட்டிப் பாருங்கள். கொட்டிய எடை எந்தக் காயில் அதிகமோ, அதுதான் அருகிலிருந்து சிறுகச் சிறுக வாங்க வேண்டியது. 'இல்லை' என்று எத்தனை முறை சொன்னோம் என்ற கட்டம்தான் தேர்வில் நமக்குள்ள ஓட்டை. வாங்கிய எடைக்கும் மற்ற மூன்றின் கூட்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றில் போன நீர். அதைக் குறைக்கத்தான் நனைந்த சாக்கும் நிழலும். நகரத்துப் பெரிய கடைகள் கணிப்பொறியில் செய்வது இதைத்தான். நமக்கு ஒரு பென்சில் போதும்.

உழவர் சந்தை நம் பகைவன் அன்று. மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று நமக்குக் கட்டணமின்றிக் காட்டும் கண்ணாடி அது. புதிய சரக்கு, எழுதிய விலை, சரியான எடை என்ற மூன்றைத்தான் அவர்கள் தேடிப் போகிறார்கள். இம்மூன்றையும் நம் கடையில் வைத்து, அதோடு மாலை நேரமும், நூறு வகைச் சரக்கும், மாற்றித் தரும் மனமும் சேர்த்தால், "சந்தையில் நன்றாக இருக்கிறதே" என்ற பேச்சு "சந்தைக்குப் போகவேண்டியதே இல்லை" என்று மாறும். அந்த மாற்றம் ஒரு வாரத்து நோட்டிலும் நாளை காலை 12 கிலோ கத்தரிக்காயிலும் தொடங்கட்டும்.